புகழ் வந்தால் நிறம் விலகிவிடுமா?

கேட்கப்பட்ட கேள்விக்கு இரண்டு பகுதிகள் உண்டு. "நான் கறுப்பன் அல்ல, நான் ஓ.ஜே." என்று கறுப்பின அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ.ஜே. சிம்ப்சன் சொன்னதாகக் கூறுகிறார்களே, அந்த அளவுக்குப் பணமும் புகழும் சேர்ந்த ஒருவரை அமெரிக்கச் சமூகம் உண்மையிலேயே நிறம் பார்க்காமல் ஏற்றுக்கொள்கிறதா என்பது முதல் பகுதி. குத்துச்சண்டை வீரர் முகம்மது அலியைப் போல் வாய்திறந்து பேசியவர்கள் செய்தது சரியா, கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனைப் போல் பேசாமல் இருந்தவர்கள் செய்தது சரியா என்பது இரண்டாம் பகுதி. முதலாவதைத் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் இரண்டாவதைத் தொட்டால் வெறும் ஆள்பிடிப்பு விவாதமாகிவிடும் என்பதால், சிம்ப்சனிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்த வாக்கியம் எந்தச் சூழலில் வந்தது என்பதை மேற்கோள் காட்டுகிற பலரும் விட்டுவிடுகிறார்கள். 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கைக் கறுப்பின வீரர்கள் புறக்கணிக்க வேண்டும் என்று, கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் ஆசிரியராக இருந்த சமூகவியலாளர் ஹாரி எட்வர்ட்ஸ் ஓர் இயக்கம் நடத்தினார். புறக்கணிப்பு முழுமையாக நடக்கவில்லை. ஆனால் அவ்வாண்டு அக்டோபர் 16 அன்று, 200 மீட்டர் ஓட்டத்தின் பதக்க மேடையில் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் கறுப்புக் கையுறை அணிந்த கையை உயர்த்தி நின்ற காட்சி அந்த இயக்கத்திலிருந்து பிறந்ததுதான். தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் கால்பந்து நட்சத்திரமாக இருந்த சிம்ப்சனிடமும் எட்வர்ட்ஸ் ஆதரவு கேட்டார். (இக்கட்டுரையில் கால்பந்து என்று குறிப்பிடுவதெல்லாம் முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்தைத்தான்.) அப்போது தமக்குக் கிடைத்த பதிலாகவே எட்வர்ட்ஸ் அந்த வாக்கியத்தைப் பின்னாளில் நினைவுகூர்ந்தார். ஸ்மித்தும் கார்லோஸும் ஒலிம்பிக் அணியிலிருந்து நீக்கப்பட்டு ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்ட அதே ஆண்டின் இறுதியில், கல்லூரிக் கால்பந்தின் மிக உயர்ந்த விருதான ஹைஸ்மன் கோப்பை சிம்ப்சனுக்குக் கிடைத்தது. ஆக, அது ஓர் இளைஞனின் அசட்டுத்தனமான பேச்சு மட்டும் அல்ல. எந்தப் பாதைக்கு என்ன கூலி கிடைக்கும் என்பதை இருபது வயதை ஒட்டிய பருவத்திலேயே சரியாகக் கணக்கிட்ட ஒருவரின் முடிவு அது.

கணக்கு நீண்ட காலம் பொய்க்கவும் இல்லை. 1973இல், ஒரே பருவத்தில் 2,000 கெஜத்துக்கு மேல் பந்தோடு ஓடிய முதல் தொழில்முறை வீரர் என்ற பெயரை அவர் எடுத்தார். 1975 முதல் ஹெர்ட்ஸ் என்ற வாடகைக் கார் நிறுவனத்தின் தொலைக்காட்சி விளம்பரங்களில், கோட்டு சூட்டு அணிந்து விமான நிலையத்துக்குள் தடைகளைத் தாண்டி ஓடினார். நாடு தழுவிய ஒரு பெருநிறுவனம் ஒரு கறுப்பரைத் தன் முகமாக அந்த அளவுக்கு நிறுத்தியது அதுவரை அரிது. ஆனால் அந்த விளம்பரங்களை நிதானமாகப் பார்த்தால் ஒன்று தெரியும்: அவரை வாழ்த்திக் கூவுகிறவர்கள் எல்லோரும் வெள்ளையர்கள். பொது இடத்தில் ஓடிவரும் ஒரு கறுப்பரைக் கண்டால் வெள்ளைப் பார்வையாளருக்கு முதலில் தோன்றக்கூடிய எண்ணம் வேறு. அந்த எண்ணத்தைத் தணிக்க, "பயப்படாதீர்கள், இவர் நம்மவர்" என்று திரைக்குள்ளிருந்தே வெள்ளையர் சிலர் சான்றிதழ் தர வேண்டியிருந்தது. நிறம் மறக்கப்பட்டிருந்தால் அந்தச் சான்றிதழே தேவைப்பட்டிருக்காது. சிம்ப்சனுக்குக் கிடைத்தது விலக்கு, விடுதலை அல்ல. விலக்கை வழங்கியவர்கள் திரும்பப் பெறவும் முடியும் என்பதுதான் இந்த விஷயம் முழுவதற்கும் அடிப்படை என்று நான் கருதுகிறேன்.

இந்த ஏற்பாடு சிம்ப்சனுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே வடிவம் பெற்றுவிட்டது. 1908 டிசம்பர் 26 அன்று சிட்னியில் டாமி பர்ன்ஸை வென்று ஜாக் ஜான்சன் முதல் கறுப்பின ஹெவிவெயிட் குத்துச்சண்டைச் சாம்பியன் ஆனார். ஓய்வு பெற்றிருந்த வெள்ளையரான ஜேம்ஸ் ஜெஃப்ரீஸை அவருக்கு எதிராகத் திரும்பக் கூட்டிவந்தார்கள். 1910 ஜூலை 4 அன்று ரீனோ நகரில் ஜெஃப்ரீஸும் தோற்றபோது, நாட்டின் பல ஊர்களில் கறுப்பர்கள் தாக்கப்பட்டு உயிர்கள் பலியாயின. ஜான்சன் எதிராளியைப் பார்த்துச் சிரித்தார், வேகமான கார்களை ஓட்டினார், வெள்ளையினப் பெண்களை மணந்தார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. 1912இல் குத்துச்சண்டைப் படச்சுருள்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்வதையே நாடாளுமன்றம் தடை செய்தது. 1913இல், பெண்களைத் தகாத நோக்கத்துக்காக மாநில எல்லை கடத்துவதைத் தடுக்கும் மான் சட்டத்தின் கீழ், வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. அவருக்கு மன்னிப்பு கிடைத்தது 2018இல், இறந்து 72 ஆண்டுகளுக்குப் பிறகு.

அவர் 1915இல் பட்டத்தை இழந்த பின் 22 ஆண்டுகள் வேறெந்தக் கறுப்பருக்கும் அந்தப் பட்டத்துக்குப் போட்டியிடும் வாய்ப்பே தரப்படவில்லை. எனவே 1930களில் ஜோ லூயிஸை உருவாக்கிய மேலாளர்கள், தாமும் கறுப்பர்களாக இருந்தவர்கள், ஜான்சனைத் தலைகீழாக்கி ஓர் ஒழுக்க விதியே வகுத்தார்கள்: வெள்ளையினப் பெண்ணோடு புகைப்படத்தில் நிற்கக் கூடாது, வீழ்த்தப்பட்டவர் முன் மகிழ்ச்சியைக் காட்டக் கூடாது, வாயை அடக்க வேண்டும். லூயிஸ் 1937இல் சாம்பியன் ஆனார். 1938 ஜூன் 22 அன்று ஜெர்மானியரான மாக்ஸ் ஷ்மெலிங்கை முதல் சுற்றிலேயே சாய்த்தபோது அமெரிக்கா முழுவதற்கும் அவர் நாயகன். "தன் இனத்துக்குப் பெருமை சேர்ப்பவர்" என்று பத்திரிகைகள் அவரைப் பாராட்டின. அந்த இனத்துக்கு இயல்பில் பெருமை கிடையாது என்ற எண்ணம் பாராட்டுக்குள்ளேயே ஒளிந்திருந்ததை எழுதியவர்கள் உணர்ந்தார்களா என்பது வேறு கதை. 1942இல் இரண்டு சண்டைகளின் வருமானத்தைக் கடற்படை, தரைப்படை நிவாரண நிதிகளுக்குக் கொடுத்த அதே மனிதரை, போருக்குப் பின் வருமான வரித் துறை ஆண்டுக்கணக்கில் துரத்தியது. இறுதிக் காலத்தில் அவர் லாஸ் வேகஸ் சூதாட்ட விடுதி ஒன்றில் வருபவர்களை வரவேற்கும் வேலையில் இருந்தார்.

ஜான்சன் செய்ததையும் லூயிஸ் செய்ததையும் எதிரெதிர் துருவங்களாகப் பார்ப்பதுதான் வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவர் விதியை மீறினார், மற்றவர் விதியைக் காத்தார். விதியை எழுதியது இருவருமே அல்ல.

பேசியவர்கள், பேசாதவர்கள் என்று வீரர்களை இரு வரிசையாக நிறுத்துவது எவ்வளவு தவறு என்பதற்கு ஜாக்கி ராபின்சன் ஒருவரே போதும். 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக இறங்கி, பெரிய லீக் பேஸ்பாலின் நிறத் தடையை உடைத்தவர் என்று பள்ளிப் பாடங்கள் சொல்லும். அணி நிர்வாகி பிராஞ்ச் ரிக்கி கேட்டுக்கொண்டபடி எவ்வளவு வசைபாடினாலும் திருப்பிப் பேசாமல் பொறுத்தவர் என்றும் சொல்லும். அதே ராபின்சன்தான் 1944இல் டெக்சஸில் படை அதிகாரியாக இருந்தபோது, பேருந்தின் பின்வரிசைக்குப் போக மறுத்து ராணுவ நீதிமன்றத்தில் நின்று விடுதலையானவர். அவர்தான் 1949இல் நாடாளுமன்றக் குழு முன் அமர்ந்து, பாடகரும் ஒருகாலக் கல்லூரிக் கால்பந்து வீரருமான பால் ரோப்சனின் சோவியத் ஆதரவுக் கருத்தை மறுத்தவர். அன்றைய வாக்குமூலத்தில் இனப் பாகுபாட்டைக் கண்டித்து அவர் சொன்ன பகுதியும் இருந்தது. நாளிதழ்கள் ரோப்சனை மறுத்த பகுதியைத்தான் கொண்டாடின. இறக்கும் ஆண்டான 1972இல் வெளிவந்த தன்வரலாற்றில், தேசிய கீதத்துக்கு எழுந்து நின்று பாடவோ கொடிக்கு வணக்கம் செய்யவோ தம்மால் முடியவில்லை என்று அவர் எழுதினார். இன்று ஒவ்வோர் ஏப்ரல் 15 அன்றும் எல்லா வீரர்களும் அவருடைய 42ஆம் எண் சட்டையை அணிகிறார்கள். அந்த வரியை நினைவூட்டுபவர்கள் சிலரே.

அலியின் கதை ஓரளவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1967 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டனில் படையில் சேர மறுத்தார். பட்டமும் உரிமமும் பறிக்கப்பட்டு மூன்றரை ஆண்டுகள் களத்துக்கு வெளியே இருந்தார். 1971இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தண்டனையை ரத்து செய்தது. கவனிக்க வேண்டியது வேறொன்று. அவர் பேசிக்கொண்டிருந்த காலத்தில் பெரும்பான்மை வெள்ளையர் அவரை வெறுத்தார்கள். அவர் தேர்ந்துகொண்ட பெயரை அச்சிடக்கூடப் பல பத்திரிகைகள் ஆண்டுக்கணக்கில் மறுத்தன. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில், பார்க்கின்சன் நோயால் கை நடுங்க, பேச்சும் ஏறக்குறைய அடங்கிய நிலையில் அவர் சுடரேற்றியபோது நாடே கண்ணீர் விட்டது. அந்தக் கண்ணீர் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த அன்பு அலியின் குரல் ஓய்ந்த பிறகே வந்தது.

இனி 1994க்கு வருவோம். ஜூன் 12 இரவு சிம்ப்சனின் முன்னாள் மனைவி நிக்கோல் பிரௌனும் ரான் கோல்ட்மன் என்ற இளைஞரும் கொல்லப்பட்டார்கள். விலக்கு என்று நான் சொன்னது விளம்பரத்தோடு நிற்கவில்லை, காவல்துறை வரை நீண்டிருந்தது என்பது அதன்பின் வெளிவந்தது. கணவர் அடிக்கிறார் என்று நிக்கோல் பலமுறை காவலர்களை அழைத்திருந்தார். 1989 புத்தாண்டு இரவுத் தாக்குதலுக்காக வழக்குக்கு வந்தபோதும் சிம்ப்சன் ஒரு நாள்கூடச் சிறைத்தண்டனை பெறவில்லை. கறுப்பர்களை நடத்திய விதத்துக்குப் பேர்போன லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறை, இந்த ஒரு கறுப்பரிடம் ரசிகர் கூட்டம் போல் நடந்துகொண்டது. அந்தச் சலுகையின் விலையைக் கொடுத்தவர் ஒரு பெண் என்பது இந்த வழக்கைப் பற்றிய இன விவாதங்களில் அடிக்கடி மறைந்துபோகிறது.

ஜூன் 17 அன்று வெள்ளை நிற ஃபோர்டு பிராங்கோவைக் காவல் வாகனங்கள் பின்தொடர்ந்ததைக் கோடிக்கணக்கானோர் நேரலையில் பார்த்தார்கள். சில நாட்களில் டைம், நியூஸ்வீக் இரண்டு இதழ்களும் காவல்துறை எடுத்த ஒரே புகைப்படத்தை அட்டையில் போட்டன. நியூஸ்வீக்கில் படம் இருந்தபடி இருந்தது. டைம் அட்டையில் தோல் மேலும் கறுப்பாக்கப்பட்டு, முகம் நிழலில் மூழ்கியிருந்தது. கண்டனம் எழுந்தபின் ஆசிரியர் விளக்கமும் வருத்தமும் தெரிவிக்க வேண்டியதாயிற்று. கடைகளில் இரண்டு இதழ்களும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. நிறமற்றவராக விற்கப்பட்டவர் ஒரே வாரத்தில் எப்படிக் கறுப்பரானார் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்கிவிட முடியாது.

அதன்பின் நடந்தது இன்னும் விசித்திரமானது. சிம்ப்சன் வாழ்ந்தது பிரென்ட்வுட் என்ற வெள்ளையர் பகுதியில். நண்பர்கள், கோல்ஃப் தோழர்கள், அண்டை வீட்டார் எல்லோரும் பெரும்பாலும் வெள்ளையர். ஜூரி உறுப்பினர்கள் அவருடைய வீட்டைப் பார்வையிட வரும் முன், ஜானி காக்ரன் தலைமையிலான வழக்கறிஞர் குழு சுவர்ப் படங்களை மாற்றியது. வெள்ளை நண்பர்களோடு எடுத்த படங்கள் இறங்கி, கறுப்பர்களின் படங்கள் ஏறின. 1960இல் நியூ ஆர்லியன்ஸில் மத்திய அரசுக் காவலர்கள் சூழ வெள்ளையர் பள்ளிக்கு நடந்துபோன கறுப்பினச் சிறுமியைக் காட்டும் புகழ்பெற்ற ஓவியத்தின் பிரதியும் அவற்றில் ஒன்று. ஏறக்குறைய 27 ஆண்டுகளுக்கு முன் எட்வர்ட்ஸிடம் மறுத்த அடையாளத்தை இப்போது வழக்கறிஞர்கள் சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள்.

ஆனால் 1995 அக்டோபர் 3 அன்று வந்த விடுதலைத் தீர்ப்பை, ஏமாந்த ஜூரியின் தீர்ப்பு என்று தள்ளிவிடுவது நியாயமல்ல. 1991 மார்ச்சில் ராட்னி கிங் என்ற கறுப்பரை லாஸ் ஏஞ்சலிஸ் காவலர்கள் அடித்ததை நாடு முழுவதும் காணொளியில் பார்த்திருந்தது. அடித்தவர்களை 1992 ஏப்ரலில் ஒரு ஜூரி விடுவித்தபோது வெடித்த கலவரத்தில் 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிம்ப்சன் வழக்கின் முக்கியச் சாட்சியான துப்பறிவாளர் மார்க் ஃபர்மன், கறுப்பரை இழிக்கும் சொல்லைப் பத்து ஆண்டுகளாகப் பயன்படுத்தியதே இல்லை என்று சத்தியம் செய்தார். ஒலிநாடாக்கள் அதைப் பொய்யாக்கின. அந்தக் காவல்துறையைச் சந்தேகிக்க 12 பேரில் 9 பேர் கறுப்பர்களாக இருந்த ஜூரிக்குப் போதிய காரணம் இருந்தது. சிம்ப்சன் கொலை செய்தார் என்றே நான் நம்புகிறேன், 1997இல் உரிமையியல் நீதிமன்றமும் அவரைப் பொறுப்பாக்கியது. அதே சமயம் அந்தச் சந்தேகம் கற்பனை அல்ல என்றும் நம்புகிறேன். தெருவில் தீர்ப்பைக் கொண்டாடிய கறுப்பர்கள், தங்களுக்காக ஒரு சொல்லும் பேசியிராத மனிதருக்காக மகிழ்ந்தார்கள் என்பதைவிட, காவல்துறை ஒருமுறையாவது தோற்றதற்காக மகிழ்ந்தார்கள் என்று கொள்வதே பொருத்தம்.

சிம்ப்சன் ஒரு கொலை வழக்கில் சிக்கியதால்தானே விலக்கு போயிற்று என்று கேட்கலாம். குற்றம் எதுவும் செய்யாதவர்களுக்கும் அது போகும். 1997 மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியை 21 வயதில் 12 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்ற டைகர் வுட்ஸ், தாய்லாந்துத் தாயையும் கலப்பு மரபையும் கருதித் தம்மைக் கறுப்பர் என்று மட்டும் சொல்லிக்கொள்ளாமல் ஒரு புதுச் சொல்லையே உருவாக்கிவைத்திருந்தார். ஆனால் அந்த வெற்றியை ஒட்டியே சக வீரர் ஃபஸ்ஸி ஜெல்லர், அடுத்த ஆண்டு விருந்தில் பொரித்த கோழியைப் பரிமாற வேண்டாம் என்று கறுப்பரைக் கேலி செய்யும் பழைய பாணியில் பேசினார். 2015 செப்டம்பரில், உலகத் தரவரிசையில் ஒருகாலத்தில் 4ஆம் இடத்தில் இருந்த டென்னிஸ் வீரர் ஜேம்ஸ் பிளேக், நியூயார்க்கில் தாம் தங்கியிருந்த விடுதியின் வாசலில் நின்றபோது, சாதாரண உடையில் வந்த காவலர் ஒருவர் அவரைப் பிடித்துத் தரையில் தள்ளி விலங்கிட்டார். வேறு யாரோ என்று நினைத்துவிட்டார்களாம். அடையாளம் தெரியும் வரைதான் புகழ். தெரியாத அந்தச் சில நொடிகளில் எஞ்சுவது தோல். 2017இல் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள தம் வீட்டு வாயிற்கதவில் இனவெறிச் சொல் எழுதப்பட்டபோது, எவ்வளவு பணமும் புகழும் இருந்தாலும் அமெரிக்காவில் கறுப்பராக இருப்பது கடினம் என்று லெப்ரான் ஜேம்ஸ் சொன்னது இதைத்தான்.

பேசுவதற்கான விலை எல்லோருக்கும் ஒன்றல்ல என்பதையும் பார்க்க வேண்டும். அதை மன உறுதியை மட்டும் வைத்து விளக்க முடியாது. தொழில்முறைக் கூடைப்பந்தில் ஓர் அணிக்கு 15 பேர்தான், முகம் தெளிவாகத் தெரியும், ஒப்பந்தப் பணம் பெரும்பாலும் முழு உத்தரவாதம் உள்ளது. கால்பந்தில் ஓர் அணிக்கு 53 பேர், முகத்தைத் தலைக்கவசம் மறைக்கிறது, ஒப்பந்தத்தின் பெரும்பகுதிக்கு உத்தரவாதம் இல்லை. 2016இல் காவல்துறை வன்முறையைக் கண்டித்துக் கீதத்தின்போது மண்டியிட்ட காலின் கேப்பர்னிக், தம் அணியைக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் வரை கொண்டுசென்றவர். 2017 முதல் அவரை எந்த அணியும் எடுக்கவில்லை. 2018இல் நைக்கி அவர் முகத்தை வைத்தே விளம்பரம் செய்தது. எதிர்ப்பும் விற்பனைக்கு உரியதாகிவிட்டது. எதிர்த்தவர்தான் களத்துக்குத் திரும்பவில்லை. அவருக்கு ஏழு வாரங்கள் முன்பே மின்னசோட்டா லிங்க்ஸ் பெண்கள் கூடைப்பந்து அணியினர் காவலர்களால் கொல்லப்பட்டவர்களின் பெயர் பொறித்த சட்டையோடு வந்தார்கள், பாதுகாப்புப் பணியில் இருந்த காவலர்கள் நால்வர் வெளியேறினார்கள். ஆண்களின் சம்பளத்தில் சிறு பகுதியே பெறும் அந்தப் பெண்களை இந்த விவாதங்களில் யாரும் முதலில் சொல்வதில்லை. அந்த அணியின் மாயா மூர், ஆட்டத்தின் உச்சியில் இருந்தபோதே 2019இல் விலகி, தவறாகத் தண்டிக்கப்பட்டிருந்த ஜோனதன் அயர்ன்ஸ் என்பவரை விடுவிக்கப் பாடுபட்டார். 2020இல் அவர் வெளியே வந்தார். மூர் ஆடத் திரும்பவே இல்லை.

ஜோர்டனைப் பற்றிய பகுதிக்கு இப்போது பதில் சொல்லலாம். 1990இல் அவருடைய வட கரோலினா மாநிலத்தில், கறுப்பரான ஹார்வி காண்ட், கறுப்பர்களுக்கான குடிமை உரிமைச் சட்டங்களை எதிர்த்துப் பெயரெடுத்த, குடியரசுக் கட்சியின் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸை எதிர்த்து செனட் தேர்தலில் நின்றார். ஜோர்டன் வெளிப்படையாக ஆதரிக்கவில்லை. தம் பெயரில் காலணி விற்ற அவர், குடியரசுக் கட்சிக்காரர்களும் காலணி வாங்குகிறார்கள் என்று சொன்னதாகப் பரவியது. தோழர்களிடையே வேடிக்கையாகச் சொன்னது என்று 2020இல் ஒப்புக்கொண்டார். காண்ட்டுக்கு நன்கொடை அனுப்பியதாகவும் சொன்னார். பேசியே ஆக வேண்டும் என்று ஒரு வெள்ளை வீரரை யாரும் கேட்பதில்லை என்பதால், அந்தக் கடமையைக் கறுப்பர் தலையில் மட்டும் சுமத்துவதும் ஒருவகை நிறப் பார்வைதான் என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் அன்றைய நிலையில் பேசினாலும் எதையும் இழக்க முடியாத அளவுக்கு உயரத்தில் இருந்த கறுப்பின வீரர் அநேகமாக அவர் ஒருவரே.

அவர் அணியிலேயே கிரெய்க் ஹாட்ஜஸ் என்றொருவர் இருந்தார். 1991 அக்டோபரில் சிகாகோ புல்ஸ் அணி வெள்ளை மாளிகைக்கு அழைக்கப்பட்டபோது ஜோர்டன் போகவில்லை, கோல்ஃப் ஆடப் போயிருந்தார். ஹாட்ஜஸ் ஆப்பிரிக்க டஷிகி அங்கி அணிந்துபோய், ஏழைகள், சிறுபான்மையினர் நிலை குறித்து அதிபர் மூத்த புஷ்ஷுக்குக் கடிதம் கொடுத்தார். 1990 முதல் 1992 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள் மூன்று புள்ளி எறிதல் போட்டியை வென்றவர் அவர். 1992இல் புல்ஸ் அவரை விடுவித்த பின், அந்த லீக்கில் வேறெந்த அணியும் அவரை ஆடக் கூப்பிடவில்லை.